வேண்டாம் என்றதைப் பூசிவிட்டார்கள்

சென்ற மாதம் என் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். குறிஞ்சாக்கேணியில் வீட்டு முன்கூடத்தில் துணி வைத்து விற்று, தையலும் தைக்கும் எனக்கு நகங்களெல்லாம் வெடித்துப் போயிருந்தன. "ஒரு நாளைக்காவது கையைக் கவனியுங்க பெரியம்மா" என்று மணப்பெண்ணே பிடிவாதம் பிடித்தாள். சரியென்று திருகோணமலை நகரிலுள்ள ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். வெளியே கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, நல்ல வாசனை.

உட்கார்ந்ததும் இரண்டு விடயம் சொன்னேன். நகத்தை வெட்டி, சுத்தம் செய்து, எண்ணெய் தேய்த்தால் போதும். பொலிஷ் வேண்டாம். விலை கேட்டேன், 1,500 ரூபா என்றார்கள்.

அந்தப் பிள்ளைக்கு இருபது வயதிருக்கும். காலையிலிருந்து நின்ற களைப்பு முகத்தில் தெரிந்தது. எனக்கு முந்திய பெண்ணின் விரலில் வேலை செய்த அதே சிறு கத்தரியை ஒரு துணியில் துடைத்துவிட்டு என் விரலுக்கு வந்தாள். நகத்தின் அடியில் இருக்கும் மெல்லிய தோலையும் சேர்த்து வெட்டினாள். வலது கை நடுவிரலில் இரத்தம் கசிந்தது. "ஒன்றுமில்லை அக்கா" என்று பஞ்சை வைத்தாள். நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மற்றக் கை நகங்களில் ஏதோ ஈரமாக ஓடியது. நிறமில்லாத பூச்சு!

"பொலிஷ் வேண்டாமென்று சொன்னேனே தங்கச்சி?"

"இது கலர் இல்லையே அக்கா. சும்மா பளபளப்புக்கு."

நிறமில்லாவிட்டாலும் பொலிஷ் பொலிஷ்தான். இரண்டிலும் படலமாகக் காய்வது பெரும்பாலும் நைட்ரோசெலுலோஸ் என்ற ஒரே பொருள். காய்ந்த பிறகு தண்ணீர் நகத்தைத் தொடாது, வுழூ நிறைவேறாது. ளுஹருக்கு இன்னும் அரை மணி நேரமே இருந்தது. அழிக்கச் சொன்னேன். அழித்த திரவத்தில் நகம் முன்பைவிட வரண்டு வெளுத்தது. பில் வந்தது, 2,400 ரூபா. பூச்சுக்கு ஒரு தொகை, அதை அழித்ததற்கு இன்னொரு தொகை! கேட்டால், "எல்லோருக்கும் இதுதான் பக்கேஜ்" என்றார் உரிமையாளர் அம்மா, தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் விரலில் நகச்சுற்று. வைத்தியர் மருந்து எழுதித் தந்து, அந்தத் தோலை ஏன் வெட்ட விட்டீர்கள், கிருமி உள்ளே போகாமல் தடுக்கும் பூட்டல்லவா அது என்றார். கலியாணத்தன்று கட்டுப் போட்ட விரலோடுதான் பந்தியில் நின்றேன்.

எனக்கு அந்தப் பிள்ளை மீது கோபமில்லை. பழக்கியதைத்தான் அவள் செய்தாள். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் பத்துப் பேரில் நான்கு பேர் முஸ்லிம்கள். இந்த ஊரில் கடை திறந்து வைத்திருப்பவர், "பொலிஷ் வேண்டாம்" என்று ஒரு பெண் சொன்னால் அதன் பொருள் என்ன என்பதைத் தன் வேலையாட்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா?

போலந்து நாட்டில் 1983இல் இங்லொட் என்ற அழகுசாதன நிறுவனத்தைத் தொடங்கியவர் ஒரு இரசாயனவியலாளர். காற்றும் ஈரமும் ஊடுருவக்கூடிய நகப்பூச்சு ஒன்றை அவர் உருவாக்கினார். நகத்தின் ஆரோக்கியத்துக்காகச் செய்தது அது. முஸ்லிம் பெண்கள் தாங்களாகவே அதைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள், 2013இல் உலகச் செய்தியானது. வுழூவுக்கு அது போதுமா என்பதில் உலமாக்களிடையே ஒரே கருத்தில்லை, அதற்குள் நான் போகவில்லை. எங்கோ இருந்த ஒருவருக்குக் கிடைத்த வாடிக்கையாளரை, பக்கத்துத் தெருவில் இருப்பவர் பணம் வாங்கிக்கொண்டு விரட்டுகிறாரே என்றுதான் யோசித்தேன்.

அமெரிக்காவில் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. 1975இல் வியட்நாமிலிருந்து அகதிகளாகப் போன பெண்கள் கலிபோர்னியாவில் ஒரு முகாமில் இருந்தார்கள். அங்கு உதவிக்கு வந்த நடிகை திப்பி ஹெட்ரனின் நகங்களை அவர்கள் வியந்து பார்த்தார்களாம். உடனே அவர் தன் நக அலங்காரப் பெண்ணை அழைத்துவந்து இருபது பேருக்குப் பழக்குவித்தார். உரிமம் பெற்ற பிறகுதான் அவர்கள் தொழிலுக்கு இறங்கினார்கள். இன்று அந்நாட்டில் இத்தொழில் பெருமளவு வியட்நாமியர் கையில்தான். நம் நாட்டிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையில் அழகுக்கலைப் பயிற்சி இருக்கிறது. வேலைக்கு எடுத்த பிள்ளையை அதற்கு அனுப்ப எத்தனை முதலாளிகள் தயார்?

சட்டமும் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். உரிய கவனத்துடனும் திறமையுடனும் வேலை செய்து தருவதாக, வாயால் சொல்லாவிட்டாலும், காசு வாங்கும்போதே ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு. நான் முறைப்பாடு செய்யவில்லை. சோம்பல்தான், வேறொன்றுமில்லை. ஆனால் துணி வாங்க வரும் ஒவ்வொரு பெண்ணும் என் விரலைப் பார்த்து "என்ன நடந்தது?" என்று கேட்டாள். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். முன்பு துறையடியில் பாதைக்குக் காத்து நின்று நகருக்குப் போன காலத்தில், ஒரு தடவை போன கடையைப் பொறுத்துக்கொள்வோம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்த அவசியமும் இல்லை.

மணப்பெண்ணுக்கு மருதோன்றி வைக்க எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி வந்தாள். வாசலில் நின்றே விலையைச் சொன்னாள். இலைத்தூளைத் தானே குழைத்துக் கொண்டுவந்திருந்தாள். கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் கோன்களைத் தொடுவதில்லையாம், சிலவற்றில் தலைமயிர்ச் சாயம் கலந்திருக்கும், தோல் புண்ணாகிவிடும் என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "நகத்துக்கும் வைக்கவா ராத்தா, விரலோடு நிறுத்தவா?" என்பதுதான். அன்றிரவே மூன்று வீட்டார் அவளுடைய இலக்கத்தை என்னிடம் வாங்கிப் போனார்கள்.