வலி இல்லைன்னா பிரச்னை இல்லைன்னு அர்த்தமில்ல! ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளுக்கு வீட்டிலேயே ஒரு யூரின் நோட்டு

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஒன்றரை ஷிப்ட் போகிறவர்கள், காலையில் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். வீட்டில் ஸ்பைனா பைஃபிடாவோடு பிறந்த குழந்தை இருந்தால், அதற்குள் குறைந்தது மூன்று முறையாவது கதீட்டர் போட்டு சிறுநீரை வெளியேற்ற வேண்டியிருக்கும். பாட்டியோ அத்தையோ அதைச் செய்திருப்பார்கள். ஆனா, எத்தனை மணிக்கு எடுத்தாங்க, எவ்வளவு வந்துச்சு? யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஏன் இவ்வளவு கவனம்?

கரு உருவான முதல் மாதத்திலேயே முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போவதுதான் ஸ்பைனா பைஃபிடா. இதில் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் பாதிக்கப்படுகின்றன. பல குழந்தைகளுக்குப் பை நிறைந்தது தெரியாது; முழுசா காலியும் ஆகாது. உள்ளே அழுத்தம் ஏறினால் சிறுநீர் கிட்னி பக்கம் திரும்பலாம். வலியே இல்லாமல் கிட்னி பழுதாகிவிடும் என்பதுதான் இதில் ஆபத்து.

'கதீட்டர் போட்டா இன்ஃபெக்‌ஷன் வந்துடுமே' என்று பயந்து நேரத்தைத் தள்ளிப்போடாதீங்க. பை அளவுக்கு மீறி நிரம்புவதுதான் பெரிய கெடுதல் என்று 1972-ல் எடுத்துச் சொன்னவர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர் ஜாக் லாபிடஸ். சோப்புப் போட்டுக் கழுவிய கை, சுத்தமான டியூப், தவறாத நேரம்... இதுதான் அவர் காட்டிய வழி.

நோட்டில் என்ன எழுதணும்?

* எடுத்த நேரம்
* மி.லி. கோடு போட்ட கப்பில் அளந்த அளவு
* இடையில் கசிந்ததா? நிறம், வாசனை எப்படி?
* அன்றைக்கு மலம் கழித்ததா? (மலச்சிக்கல் சிறுநீர்ப்பையையும் அழுத்தும்)

ஒரு சின்னக் கணக்கு: வயதோடு 2-ஐக் கூட்டி 30-ஆல் பெருக்குங்க. 6 வசுக் குழந்தைக்கு 240 மி.லி. பொதுவாகப் பை கொள்ளும் அளவு இது. இந்தக் குழந்தைகளுக்கு அது குறைவாகவும் இருக்கலாம். அதனால், 'என் குழந்தைக்கு எவ்வளவு வரைக்கும் சேஃப்?' என்று டாக்டரிடம் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிடுங்க. அடிக்கடி அதைத் தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

எப்போ உஷாராகணும்?

காய்ச்சல், வாந்தி, முதுகு அல்லது வயிற்று வலி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. புதிதாகக் கசிவு ஆரம்பித்து, நடையும் மாறினால் தண்டுவடம் இழுபடுகிறதா என்று பார்க்கணும். ஆனா, சிறுநீர் கலங்கலாக இருப்பதை மட்டும் வைத்து, மெடிக்கல் ஷாப்பில் நீங்களே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீங்க. கதீட்டர் போடும் குழந்தைகளின் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். மருந்து தேவையா என்பதை டாக்டர்தான் சொல்லணும்.

இன்னொன்று, இந்தக் குழந்தைகளில் பலருக்கு லேட்டக்ஸ் அலர்ஜி வரும். லேட்டக்ஸ் இல்லாத கதீட்டர், கையுறையாகக் கேட்டு வாங்குங்க.

வீட்டு நோட்டு ஸ்கேனுக்கும் யூரோடைனமிக் பரிசோதனைக்கும் மாற்று ஆகாது. ரெண்டு பரிசோதனைக்கு நடுவில் நடந்ததைச் சொல்லும் சாட்சி. கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது கணக்கை ஒப்படைக்கிற மாதிரி, காலையில் கிளம்பும்போது நோட்டைப் பாட்டி கையில் கொடுங்க. ராத்திரி வந்ததும் வாங்கிப் பாருங்க. ஸ்கூல் போகிற வயசில் குழந்தையே எழுதப் பழகட்டும். நாளைக்குத் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ள அது முதல் பாடம்.