தலைகீழாகத் தொங்கும் ‘லிட்டில் ஸ்டிங்கர்’

பிட்ஸ் ஸ்பெஷல் எஸ்-1சி, 1946

அண்ணாந்து பாருங்கள். இந்தச் சின்னஞ்சிறு இரட்டை இறக்கை விமானம் பறந்து புகழ்பெற்ற கோலமே இதுதான். தரையிலிருந்து 10 அடி உயரத்தில், இரு கம்பங்களுக்கு இடையே கட்டிய ரிப்பனைத் தலைகீழாகப் பறந்தபடியே அறுத்துச் செல்வார் சாகச விமானி பெட்டி ஸ்கெல்டன். முதல் முயற்சியில் இன்ஜின் நின்றுபோனது. சட்டென்று விமானத்தைப் புரட்டி நிமிர்த்தித் தரையிறக்கினார். எப்பேர்ப்பட்ட நிதானம்!

வால்சக்கரத்தைக் கவனியுங்கள். தரையில் ஓடும்போது தூக்கி நிற்கும் மூக்கு எதிரேயுள்ள ஓடுபாதையை மறைத்துவிடும். விமானம் சுழன்று திரும்பிவிடாமலிருக்கக் கால்கள் சுக்கான் மிதிகளை ஓயாமல் அழுத்தியபடி இருக்கவேண்டும்.

விமான நிறுவனங்கள் பெண்களை விமானிகளாகச் சேர்க்காத அக்காலத்தில், 1949, 1950 மகளிர் சாகசப் பறத்தல் பட்டங்களை ஸ்கெல்டன் இந்த விமானத்தில்தான் வென்றார். 1985-இல் அவரும் கணவரும் இதை ஸ்மித்சோனியனுக்கு நன்கொடையாக அளித்தனர்.