கொழுந்து போகும் வழி

ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று மலையிடுக்குகளின் வழியே வறண்டு வீசத் தொடங்கியதும், பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைக்கு ஒரு விசேஷமான வாசனை ஏறுகிறது. அந்த வாசனைக்காகவே உலகத்து வியாபாரிகள் ஊவா என்னும் பெயரை அறிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் காலையில் கிள்ளிய கொழுந்தைத் தராசில் தொங்கவிட்டு, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக மீதி எத்தனை கிலோ என்று கணக்கப்பிள்ளையின் வாயைப் பார்த்து நிற்கிறாளே ஒரு பெண், அவளிடமிருந்து புறப்படும் சரக்கு, அருந்துகிறவர் கைக்குச் சேருமுன் எத்தனை கைகள் மாறுகின்றன!

தோட்டத்து ஜனங்கள் ‘ஸ்டோர்’ என்று சொல்லும் ஆலையில் வாடி, உருண்டு, நிறம் மாறி, உலர்ந்து, சலித்துத் தரம் பிரிந்த தேயிலை கொழும்புக் கிடங்குக்கு இறங்குகிறது. தரகர் மாதிரியைச் சுவைத்து மதிப்பிட, 1883-ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஏலத்தில் ஏற்றுமதி வர்த்தகர் வாங்கி, பல தோட்டங்களின் சரக்கோடு கலந்து கப்பலேற்றுகிறார். அப்பால் மொத்த வியாபாரியும் சில்லறைக் கடைக்காரரும் இருக்கிறார்கள். இடைநின்றவர்களையெல்லாம் வீண் சுமை என்று பழிப்பது நியாயமன்று. தூரதேசத்தில் வாங்குவோரைத் தேடுவதும், பணம் முடங்கிக் கிடக்கும் அபாயத்தை ஏற்பதும் உழைப்பே.

வழி என்பது மனிதர் மட்டுமன்று, தண்டவாளமும்தான். மாட்டுவண்டிகளை நம்பியிருந்த இப்பிரதேசத்துக்கு ரயில் 1894-இல் பண்டாரவளையையும், 1924-இல்தான் பதுளையையும் எட்டியது. தெமோதரையில் ஸ்டேஷனைக் கடந்த ரயில், மலையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. இறங்கும் வண்டி தேயிலையையும், ஏறும் வண்டி அரிசியையும் மாவையும் சுமந்தன.

இந்த நெடுவழியைச் சுருக்கியவர்களில் தாமஸ் லிப்டனே பிரசித்தர். பிரிட்டனில் வரிசையாக மளிகைக் கடைகள் வைத்திருந்த அவர், 1890-இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளையை அடுத்த தம்பேத்தன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். விளைநிலமும் விற்கும் கடையும் ஒருவர் கையிலேயே இருந்தபடியால், நடுவே கூலி கேட்போர் குறைந்தனர். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துத் தந்த தேயிலை, எடை குறித்த சிறு பொட்டலமாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. சாமர்த்தியந்தான், ஆனால் வழி சுருங்கியதன் பலன் முதலாளியையும் வாங்குவோரையும் சேர்ந்ததே ஒழிய, வழியின் தொடக்கத்தில் நின்ற கூடைக்காரியைச் சேரவில்லை என்பதே என் தீராத மனக்குறை.

பொழுது சாய்ந்தபின் லயத்து அடுப்படியில் அவள் தூளைக் கொதிக்கவைத்து, உள்ளங்கையில் வைத்த சீனியை நாவால் தொட்டபடி வெறுந்தேத்தண்ணி குடிக்கிறாள். அவள் கிள்ளிய கொழுந்தோ ஸ்டோர் மாடியில் இரவெல்லாம் வாடிக்கொண்டிருக்கிறது.