நடையும் வடையும்

விழுப்புரம் ஆட்சியர் அலுவலகப் பெருந்திட்ட வளாகத்தைக் காலையில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, வியர்வை ஆறுவதற்குள் டீக்கடையில் நின்றால் கணக்கு அங்கேயே நேராகிவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 4 கிலோமீட்டர் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 200 கலோரி. இரண்டு உளுந்து வடையும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ‘ஆறு மாதமாக நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையவில்லை’ என்ற புலம்பலுக்கு விடை பெரும்பாலும் இதுதான். எடையைக் குறைப்பது தட்டு. குறைந்த எடையைக் காப்பது நடை. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்ப்பதால்தான் பலர் இரண்டையும் கைவிடுகிறார்கள்.

‘நம் தாத்தா மூன்று வேளையும் சோறுதானே சாப்பிட்டார்?’ என்று கேட்கலாம். சாப்பிட்டார், ஆனால் ஏற்றம் இறைத்தார், நாற்று நட்டார், கதிர் அறுத்தார். அந்த வேலைகளை இன்று மோட்டாரும் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் செய்கின்றன. சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் அதிக எடையுள்ள பெண்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. ஆண்களில் அது 28.2இலிருந்து 37 ஆனது. சோற்றை விட்டுக் கேழ்வரகுக்கு மாறினால் போதும் என்பது அடுத்த நம்பிக்கை. 100 கிராம் அரிசியில் சுமார் 356 கலோரி என்றால் கேழ்வரகில் 320. களி உருண்டை பெரிதானால் லாபம் எங்கே? தானியத்தை மாற்றுவதைவிட அதன் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் கீரை, காய், பருப்பு, முட்டை, மீன் என்று வைப்பதுதான் பலன் தரும். திண்டிவனம் பக்கத்து மல்லாட்டையும் (நிலக்கடலை) நல்ல புரதம்தான். ஆனால் காய்ந்த பருப்பு 100 கிராமில் 500 கலோரிக்குக் குறையாது. அவித்து ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். வறுத்துப் பொட்டலம் பொட்டலமாக அல்ல.

அப்படியானால் எதற்கு நடக்க வேண்டும்? சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான விடை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சில பிரிவுகளாக்கி மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கடைப்பிடித்தவர்களில் 39.3 சதவீதம் பேருக்குத்தான். இத்தனைக்கும் இவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவில்லை! எடை மிஷின் காட்டாத நன்மையும் உண்டு. குறைந்த எடையைக் காப்பது நடை என்பதற்கும் சான்று உண்டு: அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைத்த எடையை ஏறவிடாமல் வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தினமும் உடற்பயிற்சி செய்பவர்கள். அவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பதும் நடையைத்தான்.

‘எங்கே நடப்பது?’ என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. திண்டிவனத்தில் சென்னை, திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலைச் சாலைகள் கூடுகின்றன; லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே விறுவிறுவென நடப்பது ஆரோக்கியம் ஆகாது. 2023 நவம்பர் 4இல் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டத்துக்கு 8 கிலோமீட்டர் நடைபாதை என்றது. நல்லதுதான். ஆனால் விழுப்புரத்தில் பாதை இருந்தால், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திண்டிவனத்துக்காரருக்கு என்ன பயன்? உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடங்கள். அதற்கு வீட்டருகே ஒரு மைதானம் போதும். அரசுப் பள்ளி மைதானங்களைக் காலை ஐந்தரை முதல் ஏழு வரை பொதுமக்களுக்குத் திறந்துவிட நகராட்சிகளும் கல்வித் துறையும் கூடிப் பேசினால், பெரிய செலவில்லாமல் முடியும். நடப்பவர்களும் எடை மிஷினைத் தினமும் மிதிக்க வேண்டாம். மாதம் ஒருமுறை தையல் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள்: ஆண்களுக்கு எல்லை 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80.