ஆயா வேலைக்கும் படிப்பு வேண்டும்

காலை ஐந்தே முக்கால் மணி. சயான் ஸ்டேஷனில் கல்யாண் பக்கம் போகும் ஸ்லோ வண்டிக்காக நிற்கிறவர்களில் பெண்கள் ஏராளம். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் சாப்பாட்டு டப்பா, மாற்றிக்கொள்ள ஒரு சேலை. தாராவியிலிருந்தும் கோலிவாடாவிலிருந்தும் நடந்தே வந்தவர்கள். கஞ்சூர்மார்க்கில் இறங்கி, பஸ் பிடித்து, பவாய் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழாகிவிடும். அந்த வீட்டுத் தாயும் தகப்பனும் ஆபீசுக்குக் கிளம்புவதற்குள் குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு பொழுது சாயும்வரை அந்த உயிர் இவர்கள் பொறுப்பு.

மும்பையில் குழந்தைகள் இவர்களை "மாவ்ஷி" என்று கூப்பிடுகின்றன. மராத்தியில் அதற்குத் தாயின் சகோதரி என்று பொருள். நம் வழக்கில் சித்தி, பெரியம்மா. பெயர் என்னவோ உறவுப் பெயர்தான். ஆனால் நாலு நாள் லீவு கேட்டாலும், நூறு ரூபாய் கூட்டிக் கேட்டாலும், அந்த உறவு அப்போதே மறந்துபோகிறது.

குழந்தை பார்ப்பதை ஒரு தொழில் என்று நாம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. தையலுக்குப் பயிற்சி உண்டு, டிரைவருக்கு லைசென்ஸ் உண்டு. பத்து மாதக் குழந்தையை நாள் முழுவதும் தனியாகக் கவனிப்பவருக்கு மட்டும் ஒன்றும் வேண்டாமாம். "பிள்ளை வளர்க்கத் தெரியாத பெண் உண்டா?" என்று கேட்டு முடித்துவிடுகிறோம்.

ஐந்து தட்டு

எங்கள் சாலில் ஓர் அக்கா இருக்கிறார். வயது ஐம்பதைத் தொடுகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மும்பைக்கு வந்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு, தமிழில். பதினோரு வருஷமாகக் குழந்தை பார்க்கும் வேலை. இதுவரை ஐந்து வீட்டுக் குழந்தைகளை நடக்க வைத்துவிட்டார்.

பேட்டையில் ஒரு பெண்கள் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி நடத்தியது. பக்கத்து வீட்டுப் பெண் இழுத்துக்கொண்டு போனதால் இவரும் போனார். "ரெண்டு பிள்ளையை வளத்து ஆளாக்குனவ நான். எனக்கு என்னத்தச் சொல்லித் தரப்போறாங்கன்னுதான் தம்பி போனேன்" என்றார் என்னிடம்.

பயிற்சி முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். வேலை பார்க்கும் வீட்டில் பத்து மாதக் குழந்தை ஓர் ஆப்பிள் துண்டை விழுங்கப் பார்த்தது. தொண்டையில் அடைத்துக்கொண்டது. அழுகை இல்லை, இருமல் இல்லை. முகம் நீலம் பாரித்தது. வீட்டில் வேறு யாரும் கிடையாது.

இந்த மாதிரி நேரத்தில் பதறிப்போய் வாய்க்குள் விரலை விடுவதுதான் எல்லோருக்கும் தோன்றுவது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடும். அக்கா அதைச் செய்யவில்லை. குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி தாடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கித் தட்டினார். ஐந்து தட்டுக்குப் பிறகும் வராவிட்டால், மல்லாக்கத் திருப்பி நடுமார்பில் ஐந்து முறை அழுத்த வேண்டும். பிறகு மறுபடி தட்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இதுதான் முறை. நாலாவது தட்டில் ஆப்பிள் துண்டு தரையில் விழுந்தது. குழந்தை வீறிட்டு அழுதது.

"அந்த அழுகையைக் கேட்ட பெறகுதான் எனக்குக் கை நடுங்குச்சு" என்றார் அக்கா.

தன் பிள்ளைக்குத் தெரியாமல் போனது

பயிற்சியில் இன்னொரு நாள் அவர் அழுதுவிட்டாராம். வயிற்றுப்போக்கைப் பற்றிப் பாடம் நடந்த நாள் அது. அவருடைய மூத்த பையனுக்கு ஒன்றரை வயதில் பேதி கண்டது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று ஊரில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தார். அதனால் தண்ணீரை நிறுத்திவிட்டார். கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, பையன் துவண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாலு நாள் குளுகோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

போகிற தண்ணீரை ஈடுகட்ட வேண்டும் என்பதுதான் இதில் அடிப்படை. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பொடி கைவசம் இல்லையென்றால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இரண்டு பிள்ளை பெற்றுவிட்டால் இதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்பது சரியல்ல. அனுபவம் நல்லதையும் சொல்லித் தரும், தவறையும் சொல்லித் தரும். எது எது என்று பிரித்துக் காட்டத்தான் பயிற்சி.

ஆறு மாதக் கணக்கு

பிரசவ விடுமுறை 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 26 வாரமாக உயர்ந்தது. நல்ல காரியம். ஆனால் அந்த விடுமுறை முடிந்து தாய் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு மாதம். தாய்ப்பாலோடு கூழும் மசித்த பழமும் ஆரம்பிக்கும் பருவம் அது. அடுத்துத் தவழும், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும். சரியாக அந்த நேரத்தில்தான் குழந்தை ஆயா கைக்கு வருகிறது.

ஆகவே ஆயாவுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை ஒன்றிரண்டல்ல. தூங்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்கக் கூடாது. வேர்க்கடலை, காசு, பட்டன், ஊதாத பலூன் எதுவும் கைக்கு எட்டக் கூடாது. வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு நகரக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால், மாலை வரை காத்திராமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆம்புலன்சுக்கு 108.

அழாமல் இருக்கச் செல்போனைக் காட்டும் வழக்கமும் பெருகிவிட்டது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொல்லிவிட்டது. அதற்குப் பதில் என்ன? பேச்சும் பாட்டும்தான். அக்காவுக்கு இந்தி அரைகுறை. குழந்தையோடு தமிழில் பேசலாமா என்று பயிற்சியில் கேட்டிருக்கிறார். உங்களுக்கு எந்த மொழி சரளமோ அதில் நிறையப் பேசுங்கள், குழந்தைக்கு இரண்டு மூன்று மொழி பாரமாகாது என்று பதில் வந்தது. இப்போது அந்தக் குஜராத்தி வீட்டுக் குழந்தை தாகம் எடுத்தால் "தண்ணி" என்கிறது. முதலில் தாய்க்குப் புரியவில்லையாம். இப்போது அவரும் "தண்ணி வேணுமா?" என்றுதான் கேட்கிறார்.

பழைய தொழில், பழைய கதை

"ஆயா" என்பது போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள நம் நாட்டு ஆயாக்களைக் கப்பலில் இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே போய் இறங்கியதும் சம்பளமும் திரும்பி வரப் பயணச் சீட்டும் இல்லாமல் கைவிடப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் தங்கிய லண்டன் ஹாக்னி விடுதிக் கட்டிடத்தில் 2022ல் நினைவுப் பலகை பதித்தார்கள்.

அதே இங்கிலாந்தில், 1892ல், எமிலி வார்டு என்ற அம்மையார் குழந்தை பார்க்கும் பெண்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். நார்லண்ட் என்ற அந்தப் பள்ளி இன்றும் பாத் நகரில் நடக்கிறது. அங்கே படித்தவரை வேலைக்கு அழைப்பவர், படித்தவருக்கு உரிய சம்பளம் கொடுத்துத்தான் அழைக்கிறார்.

எழுத்து வாசனை குறைந்த பெண்களுக்கு இதெல்லாம் வருமா என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் உண்டு. 1969ல் டில்லியில், கட்டிட வேலை நடந்த இடத்தில், மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். "மொபைல் கிரஷ்" என்று வளர்ந்த அந்த இயக்கம் சில வருஷங்களில் மும்பைக்கும் வந்தது. சாதாரணக் குடும்பப் பெண்களையே அது காப்பகப் பணிக்குப் பழக்கியது. ஆமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் குழந்தைக் காப்பகங்களைக் கூட்டுறவுச் சங்கமாகவே நடத்துகிறார்கள்.

சர்டிபிகேட்டும் சட்டமும்

மத்திய அரசின் திறன் வளர்ச்சித் திட்டத்தில் வீட்டு வேலைக்கென்று தனிக்குழு அமைந்தது. குழந்தைப் பராமரிப்பாளர் என்பது அதில் தனி வேலையாக வகுக்கப்பட்டது. பல வருஷம் வேலை பார்த்தவருக்கு, அந்த அனுபவத்தைப் பரீட்சித்துச் சான்றிதழ் தரும் வழியும் அத்திட்டத்தில் வந்தது.

சட்டங்களும் இல்லாமலில்லை. கர்நாடகம் 2004ல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. தமிழ்நாடு 2007ல் நல வாரியம் அமைத்தது. மராட்டியம் 2008ல் வீட்டுத் தொழிலாளர் நல வாரியச் சட்டம் இயற்றியது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி வீடும் ஒரு பணியிடம்தான். பாலியல் தொல்லை நேர்ந்தால் மாவட்டக் குழுவிடம் புகார் செய்யலாம். ஊரிலிருந்து சின்னப் பெண்ணைக் கூட்டி வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் நம்மவரிடையே இருந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவரை வீட்டு வேலைக்கு வைப்பது 10-10-2006 முதல் குற்றம்.

வீட்டுத் தொழிலாளருக்கான சர்வதேச உடன்படிக்கை ஜெனீவாவில் 2011ல் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. வீட்டுத் தொழிலாளருக்குச் சட்டப் பாதுகாப்பு வகுப்பதை ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

ஆனால் எந்தச் சான்றிதழிலும், இதை வைத்திருப்பவருக்கு இவ்வளவு கூடுதல் சம்பளம் என்று எழுதியிருக்கவில்லை. அக்கா கதையிலும் அதுதான் நடந்தது. குழந்தை பிழைத்த அன்று வீட்டம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தீபாவளிக்கு நல்ல சேலை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதைப் பெருமையோடுதான் காட்டினார். இரண்டு மாதம் கழித்து, பயிற்சிக்குப் போய் வந்ததைச் சொல்லி ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அவர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். "பிள்ளை என்னைத் தேடும்லா" என்கிறார்.

அந்த வீட்டம்மாவும் மாதச் சம்பளக்காரர்தான், அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் கற்றவருக்கும் கல்லாதவருக்கும் ஒரே கூலி என்றால், ஒரே ஓய்வு நாளையும் செலவழித்து யார்தான் கற்க வருவார்கள்?

இரு பக்கத்தாருக்கும்

இந்தப் பத்திரிகையைத் தாராவியில் படிப்பவரும் உண்டு, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் படிப்பவரும் உண்டு. வேலை பார்ப்பவரும் நம்மவர், வேலைக்கு வைப்பவரும் நம்மவர். இருவருக்கும் சில வார்த்தை.

வேலைக்கு வைப்பவர்கள் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்: வேலை நேரம், சம்பளம், வார ஓய்வு, வருஷ உயர்வு, குழந்தை வேலை தவிர வேறு என்ன வேலை. டாக்டர் நம்பரும் குழந்தைக்கு ஒவ்வாத உணவும் அதே தாளில் இருக்கட்டும். பயிற்சிக்குப் போகும் நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்க வேண்டாம். முடித்து வந்தால் உயர்வு கொடுங்கள். அது தானமல்ல, உங்கள் குழந்தைக்கான காப்பு.

வேலை பார்க்கும் சகோதரிகள் எந்த வீட்டில் எத்தனை வருஷம் இருந்தோம் என்பதை எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஈ-ஷ்ரம் பதிவும், வாரியப் பதிவும் விட்டுப்போகக் கூடாது. ஒரு மாதச் சம்பளத்தைத் தரகாகக் கேட்கும் பீரோக்காரரிடம் ரசீது கேட்க வேண்டும்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அக்கா போன பயிற்சி இந்தியில் நடந்தது. கொடுத்த புத்தகத்தில் படத்தை மட்டும்தான் அவரால் பார்க்க முடிந்தது. பக்கத்தில் இருந்த பெண் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கின்றன. அனுமதி வாங்கி ஓர் அறையைத் திறந்து, ஒரு டாக்டரையும் ஒரு நர்ஸையும் அழைத்து, தமிழில் எட்டு வாரம் வகுப்பு நடத்தப் பெரிய செலவில்லை. பட்டிமன்றத்துக்கு மேடை போடும் சங்கங்களுக்கு இது ஆகாத காரியமா?

நடத்தினால், தட்டும் முறையைப் பொம்மையை வைத்துச் செய்து காட்டத் தான் வருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முடியும். மற்ற நாளில் காலை ஐந்தே முக்காலுக்கு அவர் சயான் ஸ்டேஷனில் நிற்க வேண்டும்.