சூடு என்றார்கள் அன்று

தீட்டு நின்றுபோவது நம் பாட்டிகளுக்கு ஒருவகைப் பதவி உயர்வு. ஊறுகாய்ச் சாடியைத் தடையில்லாமல் தொடலாம், மூன்று நாள் ஒதுங்கி உட்கார வேண்டாம், ஐம்பது தாண்டினால் சபரிமலைக்கு இருமுடி கட்டலாம். அந்த நிம்மதியை வாய்விட்டுச் சொன்னார்கள். உடம்பு பட்ட பாட்டைத்தான் சொல்லவில்லை.

நடு இரவில் திடுக்கென்று எழுந்து, கொல்லையில் முகத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு, பனையோலை விசிறியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அத்தையைக் கேட்டால், “ஒண்ணுமில்லடி, உடம்புச் சூடு” என்பாள். எண்ணெய் தேய்த்துக் குளி, மோர் குடி, வெந்தயம் ஊறப்போடு. அத்தோடு வைத்தியம் முடிந்தது. மூட்டு வலித்தால் வாயு. நீர்க்கடுப்பு வந்தால் அதுவும் சூடு. பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தால் “வயசாச்சு, அப்படித்தான்.” கணவரோடு சேரும்போது வலிக்கிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

இன்று காரணம் தெரிகிறது. ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய, உடல் வெப்பத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதி அற்ப மாற்றத்துக்கும் பதறுகிறது. மார்கழி விடியலில் மனைவி மின்விசிறியை ஐந்தில் வைப்பாள். பக்கத்தில் கணவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வார். சில நிமிடத்தில் வேர்வை ஆறி இவளுக்கே குளிரெடுக்கும். பலருக்கு இது ஏழு வருடம்கூட நீடிக்கிறது. மாதவிடாய் தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால் மெனோபாஸ் என்பது மருத்துவக் கணக்கு. மேலைநாடுகளில் சராசரி வயது 51. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வாக்கிலேயே வந்துவிடுகிறது. ஆக, 43 வயதில் மாதம் தப்பித் தப்பி வந்து தூக்கமும் கெட்டால், ‘இதற்குள்ளேயா?’ என்று திகைக்க வேண்டியதில்லை. 40க்கு முன்பே நின்றால் மட்டும் கட்டாயம் மருத்துவரிடம் போக வேண்டும்.

குறைந்த ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டும் ஹார்மோன் சிகிச்சையின் கதையே தனி. அமெரிக்காவில் 1942இலேயே அனுமதி பெற்ற பிரெமாரின் மாத்திரை, அறுபதுகளில் இளமை மருந்துபோல விற்றது. 2002 ஜூலையில் இந்தச் சிகிச்சையை ஆராய்ந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்றதும் உலகமே மாத்திரையைக் கீழே போட்டது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. கூடுதலாக வந்த மார்பகப் புற்று, ஆண்டுக்கு 10,000 பேரில் எட்டுப் பேருக்கு. பயம் பரவிய வேகத்தில் இந்த விவரங்கள் பரவவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய நிலை. மார்பகப் புற்று, இரத்த உறைவு, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாக ஆகாது. பிறப்புறுப்பு வறட்சிக்கும் நீர்க்கடுப்புக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமே போதும். வெட்கத்தைவிட்டுக் கேட்டால் மருத்துவர் எழுதித் தருவார்.

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் தேயும் எலும்பு விஷயத்தில் பழைய சமையலறை நல்ல வேலை செய்தது. கேழ்வரகு 100 கிராமில் கால்சியம் ஏறக்குறைய 350 மில்லிகிராம். எள்ளில் இன்னும் அதிகம். கேழ்வரகுக் கூழைக் குடித்தவள் தண்ணீர்க் குடமும் சுமந்தாள். இன்று கூழ் பாக்கெட்டில் கிடைக்கிறது, சுமப்பதற்குத்தான் எதுவுமில்லை. வெறும் நடையோடு நிறுத்தாமல் எடை தூக்கிப் பழகுவது எலும்புக்கு நல்லது.

அன்றிலிருந்து இன்றுவரை மாறாத ஒரு பேச்சுதான் எனக்குப் பயம் தருகிறது: “நிக்கப்போற நேரத்துல அப்படித்தான் கொட்டும்.” பையில் இரண்டு நாப்கின் எப்போதும், பேருந்து இருக்கையில் உட்காரத் தயக்கம், படியேறினால் மூச்சு வாங்கல். இப்படியே இரத்தம் வற்றிப்போகிற வரை பொறுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரேயடியாக, “கர்ப்பப்பையை எடுத்துடலாம்.” கட்டியா, தைராய்டா என்று பார்க்காமலே எடுத்தவர்கள் நிறையப் பேர். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால், மெல்ல வரவேண்டிய மெனோபாஸ் ஒரே நாளில் வந்து இறங்கும். ஸ்கேன் எடுங்கள், இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள். மாத்திரையிலும் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்திலும் சரியாவதே அதிகம்.

நின்று ஓராண்டு கழித்து ஒரு துளி இரத்தம் பட்டாலும் அது சூடு இல்லை. கருப்பைப் புற்றின் முதல் அடையாளமாக இருக்கலாம். அந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.