சிறுதொழில் இணையத்தள மறுவடிவமைப்பு

சிறுதொழில் இணையத்தள மறுவடிவமைப்பு என்பது ஒரு கடையோ, பட்டறையோ, உணவகமோ, பயிற்சி நிலையமோ ஏற்கெனவே நடத்திவரும் இணையத்தளத்தின் தோற்றம், பக்க அமைப்பு, உள்ளடக்கம், தொழில்நுட்ப அடித்தளம் ஆகியவற்றை மாற்றியமைக்கும் பணியாகும். புதிய தளத்துக்கு இழப்பதற்கு ஒன்றும் இருக்காது. பழைய தளத்துக்கோ தேடுபொறிகளில் கிடைத்த இடம், பிற தளங்கள் தந்துள்ள இணைப்புகள், வாடிக்கையாளர் பழகிவிட்ட பக்கங்கள், தளப் பெயரில் இயங்கும் மின்னஞ்சல்கள் ஆகியவை இருக்கும். குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுவதைப் போன்றது இப்பணி. திட்டமில்லாமல் தொடங்கினால் முதலில் சேதமாவது மேற்சொன்னவைதாம்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. பிரித்தானியாவின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் ஏறத்தாழ 15 கோடி பவுண்டு செலவிட்டு 2014 தொடக்கத்தில் புதிய விற்பனைத் தளத்தை வெளியிட்டது. அதற்குப் பிந்திய காலாண்டில் அதன் இணைய விற்பனை 8.1 விழுக்காடு குறைந்தது. பழைய வாடிக்கையாளர்கள் மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருந்ததும் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அந்நிறுவனம் அதைத் தாங்கிக்கொண்டது. மாதம் முப்பது நாற்பது விசாரணைகளை மட்டுமே தளம் வழியாகப் பெறும் ஒரு சிறு கடைக்கு, இரண்டு மாதம் விசாரணை நின்றுபோவது வாடகை கட்ட முடியாத நிலையைக் கொண்டுவரலாம்.

தேவை எழும் சூழல்

"தளம் பழையதாகத் தெரிகிறது" என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். அது மட்டும் போதுமான காரணம் ஆகாது. உரிமையாளர் தம் தளத்தை நாள்தோறும் பார்த்துச் சலித்திருப்பார். வாடிக்கையாளரோ ஆண்டுக்கு இருமுறை வருபவர்.

உண்மையான காரணங்கள் சில உள்ளன. கைபேசியில் எழுத்துகள் படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துத் தெரிவது அவற்றுள் ஒன்று. திரையின் அகலத்துக்கு ஏற்பத் தானே ஒழுங்குபடும் வடிவமைப்பை ஈத்தன் மார்கோட் 2010ஆம் ஆண்டில் பெயரிட்டு விளக்கினார்; அதற்கு முன் கட்டப்பட்ட தளங்கள் பலவற்றில் இக்குறை உண்டு. பிளாஷ் மென்பொருளில் அமைந்த பக்கங்கள், அதற்கான ஆதரவு 2020 திசம்பர் 31 அன்று முடிவடைந்தபின் திறப்பதில்லை. மறையாக்கம் இல்லாத தளங்களைக் குரோம் உலாவி 2018 சூலை முதல் "பாதுகாப்பற்றது" என்று காட்டுகிறது. எனினும் இந்தக் கடைசிக் குறைக்கு மறுவடிவமைப்பு தேவையில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு வழங்கும் இலவசச் சான்றிதழை வழங்கியில் நிறுவினாலே போதும். ஒரு மணி நேர வேலைக்காக முழுத் தளத்தையும் மாற்றச் சொல்லும் மதிப்பீடுகளும் சந்தையில் கிடைக்கின்றன.

உரிமையும் கடவுச்சொற்களும்

வண்ணம் பற்றியும் படம் பற்றியும் பேசத் தொடங்குமுன், தளம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல சிறு தொழில்களில் ஆள்களப் பெயரைப் பதிவு செய்தவர் பத்தாண்டுகளுக்கு முன் தளத்தைக் கட்டிக்கொடுத்த வடிவமைப்பாளராகவோ, உரிமையாளரின் உறவுக்காரப் பையனாகவோ இருப்பார். பதிவாளரின் கணக்கில் அவருடைய மின்னஞ்சலே இருக்கும். அவர் ஊரை விட்டுச் சென்றிருந்தாலோ, மனக்கசப்பு ஏற்பட்டிருந்தாலோ, கடையின் பெயரே பிறர் கையில் இருப்பதாக ஆகிவிடும். காலாவதியாகும் பெயரைப் புதுப்பிக்கக் கோரும் கடிதமும் அவருக்கே போகும். தவணை கடந்தபின் பெயரை மீட்பதற்குப் பதிவாளர்கள் வழக்கமான கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்பதுண்டு. எவரும் மீட்காவிட்டால் அப்பெயரை வேறொருவர் வாங்கிக்கொள்ளலாம்.

ஆகவே ஆள்களப் பெயர், வழங்கிக் கணக்கு, தளத்தின் நிருவாகக் கணக்கு, மின்னஞ்சல் சேவை, கூகுள் வணிகக் குறிப்பு, வருகைப் பதிவுக் கருவி ஆகிய அனைத்தும் உரிமையாளரின் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றப்பட வேண்டும். புதிய வடிவமைப்பாளருக்குத் தனிப் பயனர் கணக்கு கொடுத்து, வேலை முடிந்ததும் அதை நீக்குவது முறை. பழைய வடிவமைப்பாளரிடம் சுமுகமாகப் பேசி இவற்றைப் பெறுவதே எளிது. பணி பறிபோகிறது என்று அவர் அறிந்தபின் கேட்பதைவிட அதற்கு முன் கேட்பது நல்லது.

பழைய தளத்தைக் கணக்கெடுத்தல்

அடுத்த வேலை, தளத்தில் உள்ள பக்கங்கள் அனைத்தையும் ஒரு விரிதாளில் எழுதுவது. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி. பக்கத்தின் முகவரி, தலைப்பு, கடந்த ஓராண்டில் வந்தோர் எண்ணிக்கை, அங்கிருந்து வந்த அழைப்பு அல்லது விசாரணை, வைத்துக்கொள்வதா விடுவதா என்ற முடிவு ஆகியவை அதில் இடம்பெறும். எந்தத் தேடுசொற்களால் மக்கள் வருகிறார்கள் என்பதைக் கூகுள் சர்ச் கன்சோல் இலவசமாகக் காட்டுகிறது. அது 16 மாதத் தரவுகளையே வைத்திருப்பதால், பணி தொடங்கும் நாளிலேயே அவற்றைத் தரவிறக்கி வைக்க வேண்டும்.

சென்னிமலையில் போர்வை விற்கும் ஒரு கடையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முகப்புப் பக்கத்தை அழகாக்க வேண்டும் என்பது உரிமையாளரின் விருப்பமாக இருக்கலாம். கணக்கெடுத்துப் பார்த்தால், விடுதிகளுக்கு மொத்தமாக விற்கும் போர்வைகளின் அளவு, எடை பற்றி எப்போதோ எழுதிப்போட்ட ஒரு பக்கத்துக்குத்தான் பாதிப் பேர் வருவது தெரியவரும். தோற்றத்தில் அது தளத்திலேயே மோசமான பக்கமாக இருக்கக்கூடும். "இது எதற்கு" என்று அதை நீக்கிவிட்டால் மொத்த வியாபாரிகள் வரும் வழி அடைபட்டுப் போகும். கணக்கெடுப்பு இல்லாத மறுவடிவமைப்பில் இத்தகைய பக்கங்களே முதலில் காணாமற் போகின்றன.

எண்களோடு கடையில் தொலைபேசி எடுப்பவரையும் கேட்க வேண்டும். தளத்தைப் பார்த்தபின்னும் மக்கள் எதைக் கேட்டு அழைக்கிறார்களோ அது தளத்தில் இல்லை, அல்லது கண்ணில் படும் இடத்தில் இல்லை என்று பொருள். ஞாயிறு திறந்திருக்குமா, வண்டி நிறுத்த இடம் உண்டா, சில்லறையாக ஒன்று கிடைக்குமா என்பவையே பெரும்பாலும் அக்கேள்விகள்.

முகவரி மாற்றமும் வழிமாற்றும்

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ, பக்க முகவரிகளை மாற்றக் கூடாது என்று வலியுறுத்தி 1998இலேயே ஒரு குறிப்பு எழுதினார். புதிய மென்பொருளுக்கு மாறும்போது முகவரிகள் மாறுவது இன்றும் வழக்கமாகவே உள்ளது. இயன்றவரை பழைய முகவரிகளையே வைத்துக்கொள்வது நல்லது. இயலாதபோது ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் அதற்கு நேரான புதிய முகவரிக்கு நிலையான வழிமாற்று அமைக்க வேண்டும். இதற்குரிய குறியெண் 301. உலாவியும் தேடுபொறியும் அதைக் கண்டு, பக்கம் நிரந்தரமாக இடம் மாறியுள்ளது என்று அறிந்துகொள்கின்றன. வழிமாற்று இல்லையேல் வருபவர் காண்பது 404 என்னும் பிழைப் பக்கம்.

எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது வடிவமைப்பாளர் பலர் செய்யும் குறுக்குவழி. அதனால் பயனில்லை. விடுதிப் போர்வையின் விலை தேடி வந்தவர் முகப்பில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிவிடுவார். கூகுளும் இத்தகைய வழிமாற்றைப் பக்கம் இல்லாததற்குச் சமமாகவே கருதுகிறது. மேலே சொன்ன விரிதாளில் "புதிய முகவரி" என்று மேலும் ஒரு நிரலைச் சேர்த்தால் வழிமாற்றுப் பட்டியல் தானே உருவாகிவிடும்.

இணையத்துக்கு வெளியே உள்ள முகவரிகளையும் மறந்துவிடக் கூடாது. விலைச்சீட்டு, துணிப்பை, தினசரி நாட்காட்டி, கடை வாசலில் ஒட்டிய கியூஆர் குறியீடு ஆகியவற்றில் அச்சாகியிருக்கும் முகவரியைத் திருத்த முடியாது. அது தொடர்ந்து வேலை செய்யுமாறு பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழ் உள்ளடக்கம்

தமிழில் பக்கங்கள் கொண்ட பழைய தளங்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தகுதரம், தாப், தாம், பாமினி போன்ற முறைகளில் தட்டெழுதிய பக்கங்கள், உரிய எழுத்துரு இல்லாத கருவியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தமிழில் தட்டெழுதித் தேடுபவருக்கு அவை அகப்படுவதுமில்லை. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இன்றைய கைபேசிகள் அனைத்தும் ஒருங்குறியையே பின்பற்றுகின்றன. பழைய உரையை ஒருங்குறிக்கு மாற்ற இலவசக் கருவிகள் உள்ளன. ஆயினும் மாற்றியபின் வரிக்கு வரி மெய்ப்புப் பார்ப்பது கட்டாயம்.

ஒருங்குறியில் இருக்கும் தளத்தை வேறு வழங்கிக்கு நகர்த்தும்போதும் கவனம் தேவை. தரவுத்தளத்தின் எழுத்துத் தொகுதி பொருந்தாவிட்டால் தமிழ் எழுத்துகள் யாவும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும். அவற்றிலிருந்து மூல உரையை மீட்க இயலாது. நகர்த்துமுன் முழு நகல் எடுத்து வைப்பது இதற்காகவும்தான்.

பக்க முகவரியில் தமிழ் எழுத்துகளைப் பயன்படுத்தலாம். ஆனால் அதை நகலெடுத்து வாட்சப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு ஒருங்குறிக் குறியும் விழுக்காட்டுக் குறியோடு கூடிய ஒன்பது எழுத்துகளாக விரியக்கூடும். "தமிழ்" என்னும் சொல் ஒன்றே 45 எழுத்துகளாகிவிடும். எனவே தலைப்பும் உரையும் தமிழிலும், முகவரி மட்டும் சுருக்கமான உரோமன் எழுத்திலும் இருப்பது நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

வேகமும் தோற்றமும்

பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். சிறுதொழில் தளங்கள் இதில் தவறுவதற்குப் பெரும்பாலும் படங்களே காரணம். கைபேசியில் எடுத்த ஐந்து மெகாபைட் படத்தை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். முகப்பில் தானே நகரும் படவரிசையையும் தவிர்க்கலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான மாறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்று வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டி கூறுகிறது. வெளிர்சாம்பல் எழுத்தை விரும்பும் இளம் வடிவமைப்பாளர்கள் இதை அடிக்கடி மீறுகின்றனர். தொலைபேசி எண் தொட்டவுடன் அழைக்கும் வகையில் எழுத்தாக இருக்க வேண்டும். படமாக இருக்கக் கூடாது.

தளத்தில் நேரடி விற்பனை உண்டெனில், இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் பொருந்தும். நிறுவனத்தின் சட்டப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

சோதனையும் வெளியீடும்

புதிய தளத்தைப் பழைய தளத்துக்குப் பக்கத்திலேயே, தேடுபொறிகள் காணாதவாறு மறைத்துக் கட்டுவது வழக்கம். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று யாக்கோபு நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். கணினித் துறை சாராத ஐவரிடம் கைபேசியைக் கொடுத்து, "இரட்டைக் கட்டில் போர்வையின் விலையைக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு அருகில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பேசாமல் இருப்பதுதான் உரிமையாளருக்குக் கடினம்.

வெளியிடும் நாளைத் தொழிலின் பருவம் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். துணிக்கடை தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும், பயிற்சி நிலையம் சேர்க்கைக் காலத்திலும் தளத்தில் கைவைப்பது தகாது. வெள்ளி மாலையும் ஏற்றதன்று. பிழை நேர்ந்தால் திங்கள்வரை உதவிக்கு ஆள் கிடைக்காது.

வழங்கி மாறுவதாயின், ஆள்களப் பதிவுகளின் தாங்கல் நேரத்தை முந்திய நாளே 300 நொடியாகக் குறைத்து வைத்தால் மாற்றம் விரைவில் பரவும். அப்போது மின்னஞ்சலுக்கான பதிவுகளைப் பழையபடியே எடுத்து வைக்க வேண்டும். இது விடுபட்டால் தளம் அழகாகத் திறக்கும், ஆனால் கடைக்கு வரும் மின்னஞ்சல்கள் வந்துசேரா. அனுப்பியவர் சொன்னால் ஒழிய உரிமையாளருக்கு அது தெரியவும் தெரியாது.

தேடுபொறிகளிடமிருந்து மறைக்கும் அமைப்பை வெளியீட்டின்போது நீக்க மறப்பது மற்றொரு பொதுவான தவறு. வேர்ட்பிரசில் அது ஒரு சிறு தேர்வுப் பெட்டிதான். அது நீக்கப்படாமல் கிடந்தால் சில வாரங்களில் தளம் தேடல் முடிவுகளிலிருந்து மறைந்துவிடும். முதல் மாதத்தில் வாரம் ஒருமுறையேனும் சர்ச் கன்சோலில் பிழைப் பட்டியலைப் பார்த்து, 404 வரும் முகவரிகளுக்கு வழிமாற்று சேர்க்க வேண்டும். வழிமாற்றுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்குமாறு கூகுள் பரிந்துரைக்கிறது. துணிப்பையிலும் நாட்காட்டியிலும் அச்சான முகவரிகளுக்கு இந்த ஓராண்டுக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்குரிய வழிமாற்றுகளை நீக்காமலே விட்டுவிடலாம்.